அதற்கும் ஓர் இலை

வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவர், வந்த நாள் முதல் ஒரு கவளம்கூட வாயில் வைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? முதல் நாள் கவலைப்படுவோம். இரண்டாம் நாள் கெஞ்சுவோம். மூன்றாம் நாள் கோபம் வந்துவிடும், "இந்த வீட்டில் என்ன குறை வைத்தோம்?" என்று கேட்கத் தோன்றும். நாலாம் நாள் அந்தக் கோபமும் போய், மனத்துக்குள் ஏதோ ஓர் அவமானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்ற கோடை விடுமுறையில் இந்த நாலு படிகளையும் நான் வரிசையாக ஏறி முடித்தேன். அத்தனையும் ஒரு மீனுக்காக!

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தவன்தான்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுடைய பிறந்த நாளுக்கு மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு தங்க மீன்களும் வந்தன. மீன்களை ரசிக்கும் பொறுப்பு அவளுடையது. தொட்டியைத் தேய்த்துக் கழுவும் பொறுப்பு, வேலையற்ற கிழவன் என்ற தகுதியால், எனக்கு வந்தது. வாரம் ஒரு முறை கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியைத் தேய்ப்பேன். முதுகு வலிக்கும். அப்போது யாரோ சொன்னார்கள்: "இதற்கென்றே ஒரு மீன் இருக்கிறதே! வாங்கி விட்டுவிடுங்கள், அது பார்த்துக்கொள்ளும்."

சென்னையில் வண்ண மீன் வேண்டுமென்றால் கொளத்தூருக்குப் போக வேண்டும். தெருத் தெருவாகக் கண்ணாடித் தொட்டிகள். பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்துத் தொங்கும் மீன்கள். நான் நுழைந்த கடையில், ஒரு தொட்டியின் அடியில் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி விழுந்த, மூன்று அங்குல நீளத்துச் சிறு பிராணி ஒன்று கண்ணாடியில் வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கெளுத்தி இனம்; ஆனால் நம் ஊர்க் கெளுத்தியைப் போல வழவழப்பான உடம்பில்லை. மேலெல்லாம் கேடயம் கேடயமாக எலும்புத் தகடு. வாய் முகத்தின் அடிப்புறத்தில், உறிஞ்சும் கிண்ணத்தைப் போல இருந்தது. கடைக்காரர்கள் இதை 'சக்கர்' என்பார்கள்; 'டேங்க் கிளீனர்' என்றும் சொல்லுவார்கள்.

"இதற்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போட வேணாம் சார். மத்த மீன் விடுற மிச்சம், அழுக்கு, பாசி, எல்லாத்தையும் தின்னுக்கும். இதுக்குன்னு ஒரு செலவும் கிடையாது."

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. ஏன் அவ்வளவு பிடித்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

புதிதாக வருகிறவருக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? அன்று காலையிலேயே தொட்டியைப் பளிச்சென்று தேய்த்து வைத்திருந்தேன். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்கியிருந்தேன். பையை இருபது நிமிஷம் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் சமமான பிறகு மீனைத் திறந்துவிட்டோம். அது நேராக அடியில் போய், மூலையில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அசையவில்லை. பேத்தி அதற்கு அந்த நிமிஷமே 'கல்லு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் போயிற்று. தங்க மீன்களுக்குப் போட்ட உருண்டைகள் கல்லுவின் மூக்கருகில் விழுந்தன. அது திரும்பிப் பார்க்கவில்லை. தங்க மீன்களே வந்து அவற்றையும் பொறுக்கித் தின்றன. நான் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று தொட்டி விளக்கையும் இரவு பதினோரு மணி வரை எரியவிட்டேன். விரலால் கண்ணாடியைத் தட்டினேன். "சாப்பிடேன்!" என்று வாய்விட்டே சொன்னேன் என்று என் மனைவி பிற்பாடு சாட்சி சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலையில் வேறொரு சமாசாரம். தங்க மீன்களில் ஒன்றன் விலாவில் செதில் உதிர்ந்து, சிவந்து போயிருந்தது. பேத்தி அழுதாள்.

"உங்க வேலைக்கார மீன்தான் ராத்திரியிலே கடிச்சிருக்கு. கொண்டுபோய் ஏரியிலே விட்டுட்டு வாங்க, நல்லவங்களோட இருக்கத் தெரியாத ஜந்து" என்றாள் என் மனைவி.

அவள் சொன்ன சொல்லைக் கவனியுங்கள்: வேலைக்கார மீன்.

எங்கள் குடியிருப்பில் மீன் வளர்ப்பில் தேர்ந்த இளைஞன் ஒருவன் இருக்கிறான். அவனை அழைத்துவந்தேன். வந்தவன் மீனைப் பார்க்கவே இல்லை. முதலில் தண்ணீரைப் பார்த்தான். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, ஏதோ சொட்டு மருந்தை விட்டு, அது மஞ்சளிலிருந்து பச்சையாக மாறுவதைக் காட்டினான். "அம்மோனியா இருக்கு சார். வடிகட்டிப் பஞ்சை எதிலே கழுவினீங்க?"

"குழாய்த் தண்ணீரில். சோப்பெல்லாம் போடவில்லை."

"சோப்பு வேற போட்டிருப்பீங்களா?" என்று சிரித்தான். பிறகு விளக்கினான். மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீன்களுக்கு விஷம். வடிகட்டியின் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருந்து, அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு புதுத் தொட்டியில் அவை குடியேறிப் பெருகுவதற்கு நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். நானோ குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரே நாளில் அந்தக் குடித்தனத்தை அழித்திருக்கிறேன். பஞ்சைக் கழுவுவதானால் தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் லேசாக அலச வேண்டுமாம்.

என்னுடைய இன்னொரு புண்ணிய காரியமும் வெளிவந்தது. பாசி தின்பதற்கு ஒரு மீனை வாங்கி வருகிற நாளில், தொட்டியில் இருந்த பாசியையெல்லாம் நானே தேய்த்து எறிந்திருக்கிறேன். விருந்தாளி வரும் நேரம் பார்த்துச் சமையலறையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த கதைதான்.

"சரி, பாசி இல்லை. மற்ற மீன்களின் கழிவைத் தின்னலாமே?" என்று கேட்டேன்.

"எந்த மீனும் இன்னொரு மீனோட கழிவைத் தின்னு வாழாது சார். அது கடைக்காரங்க கட்டிவிட்ட கதை. இதோட கழிவையே நீங்க தனியா அள்ள வேண்டியிருக்கும். இது பாசி தின்னும், மரக்கட்டையைச் சுரண்டும், வெள்ளரிக்காய் தின்னும், அடியிலே மூழ்கற தீனி வில்லை தின்னும். பட்டினி போட்டாத்தான் பக்கத்து மீன் மேலே ஒட்டிக்கிட்டு, உடம்பு மேலே இருக்கற கோழையை உறிஞ்சும். அது கடி இல்லே சார், பசி."

அது கடி இல்லை, பசி. எனக்குச் சுருக்கென்றது.

மூன்று காரியங்கள் செய்யச் சொன்னான்: இருட்டு, இடுக்கு, இரை. இந்த மீன் இரவில் நடமாடுகிற ஜாதி. அதன் கண்ணுக்கு இமை கிடையாது. ஆனால், பாப்பாவின் மேல் ஓரத்திலிருந்து சிறு மடல் ஒன்று, வெளிச்சம் மிகுந்தால் விரிந்து கீழிறங்கிக் கண்ணை மறைக்கிறது. இருளில் சுருங்கி வழி விடுகிறது. வெளிச்சத்தை மறைக்கத் தன் கண்ணுக்குள்ளேயே ஒரு திரைச்சீலை வைத்திருக்கும் பிராணியின் எதிரில், நான் பதினோரு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! இருட்டில் எப்படி உணவைக் கண்டுபிடிக்கும் என்று கவலைப்பட வேண்டாம். கெளுத்தி இனத்துக்கு நாக்கில் மட்டுமல்ல, மீசையிலும் தோலிலும் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. உடம்பாலேயே ருசி பார்க்கிற ஜீவன் அது.

தண்ணீரில் கால் பங்கை மாற்றினோம்; குளோரினை முறிக்கும் மருந்து கலந்த தண்ணீரை விட்டோம். தங்க மீன்களை வேறொரு தொட்டிக்கு மாற்றினோம். அவற்றைப் பிடிக்க வலை போதும். ஆனால் கல்லுவின் பக்கம் வலையைக் கொண்டுபோகக் கூடாது என்றான். அதன் துடுப்பு முட்கள் வலையில் மாட்டிக்கொள்ளுமாம். மாடியில் உடைந்து கிடந்த பூந்தொட்டி ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். ஒரு மரக்கட்டையையும் போட்டோம். பூந்தொட்டி அடியில் நின்ற மறு நிமிஷம் கல்லு அதற்குள் புகுந்துகொண்டது. வந்த ஆறு நாட்களில் அது தானாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, ஒரு நிமிஷம் வெந்நீரில் போட்டெடுத்து, மிதக்காமல் இருக்க எவர்சில்வர் கரண்டியில் செருகி அடியில் இறக்கினோம். "விளக்கை அணைச்சிட்டுப் போய்ப் படுங்க சார். காலையிலே மிச்சத்தை எடுத்துடுங்க. இல்லாட்டி அழுகித் தண்ணி கெட்டுடும். புது இடத்துக்கு வந்த மீன் சில நாள் சாப்பிடாம இருக்கறது சகஜம். வயிறு உள்ளே ஒட்டிப் போகுதான்னு மட்டும் எப்பவாவது பாருங்க. மத்தபடி பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்ய முயன்றவர்களுக்குத்தான் தெரியும். ஆறாம் நாள் இரவும் ஏழாம் நாள் இரவும் போன வெள்ளரித் துண்டு போனபடியே திரும்பியது. எட்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எனக்குத் தூக்கம் கலைந்தது. கூடத்துக்கு வந்தேன். தெரு விளக்கின் மங்கிய ஒளியில் தொட்டியின் அடியில் ஏதோ அசைவது போலிருந்தது. கைப்பேசியின் விளக்கைப் போட்டேன்.

ஒரு கண நேரம்தான் பார்த்தேன். கல்லு வெள்ளரித் துண்டின் மேல் படர்ந்து வாயைப் பதித்திருந்தது. வெளிச்சம் விழுந்ததும் அப்படியே உறைந்தது. அடுத்த கணம் மண்ணைக் கிளறிக்கொண்டு பூந்தொட்டிக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. கலங்கிய தண்ணீரும், விளக்கைப் பிடித்திருந்த என் கையும்தான் மிஞ்சின.

அந்த இடத்தில் நான் வெகு நேரம் நின்றிருந்தேன். மீனுக்காக அல்ல. நடு இரவில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜீவன் மீது நான் விளக்கடித்தது அது முதல் தடவையல்ல என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

அது 1958ஆம் வருஷம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் சுற்று வேலைக்கு ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கலாம். மாட்டுக் கொட்டில் பெருக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள், என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள். எங்கள் வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை. தீபாவளிக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார்கள். என் பாட்டியும் அம்மாவும் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்கள். அந்தப் பெயருக்குத் தகுதியானவர்களும்தான்.

சாப்பாடு? எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் என்ன இருக்கிறதோ அது அவளுக்கு. சில நாள் நிறைய இருக்கும். சில நாள் அடிச்சோறு இருக்கும். எதைக் கொடுத்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போய்விடுவாள். எங்கள் எதிரில் சாப்பிட மாட்டாள். "அவளுக்குப் பசியே கிடையாது, குருவி கொத்துகிற மாதிரி கொத்துவாள்" என்று பாட்டி பெருமையாகச் சொல்வாள். நாளடைவில் அது எங்கள் வீட்டில் ஒரு பழமொழி ஆகிவிட்டது.

அப்பா அந்தச் சமயம் ஒரு டார்ச் விளக்கு வாங்கியிருந்தார். எனக்கு அதன் மேல் மோகம். ஒரு நாள் இரவு அதைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். சமையலறைக்குள் வெளிச்சம் அடித்தேன். அவள் அங்கே தரையில் குந்தியிருந்தாள். ஒரு கையில் வெல்லக்கட்டி. மடியில் கொஞ்சம் பொட்டுக்கடலை. வெளிச்சம் பட்டதும் வாய் மெல்லுவது நின்றுவிட்டது. அவள் ஓடவில்லை. கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா! திருடி!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய தகப்பனார் வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். பாட்டி அந்த மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தாள். மேற்கொண்டு ஒரு மரக்கால் நெல்லும் கொடுத்தாள். "குழந்தைதானே, போகட்டும். ஆனால் கை நீளமான பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்றாள். அவள் தகப்பனாருக்குப் பின்னால் நடந்து போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது. துப்பறிந்தவன் அல்லவா!

இவ்வளவு காலம் கழித்து, ஒரு மீன் தொட்டியின் எதிரில் நின்றுகொண்டு, அந்த வெல்லக்கட்டிக்கு நான் பொருள் கண்டுபிடித்தேன். அது திருட்டு இல்லை, பசி.

"மீனையும் மனுஷியையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீரே, இது அடுக்குமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் மீனை மனுஷியின் இடத்துக்கு உயர்த்தவில்லை. எங்கள் வீட்டில் ஒரு மனுஷியை நாங்கள் எந்த இடத்தில் வைத்திருந்தோம் என்பதைத்தான் சொல்லுகிறேன். கொளத்தூர்க் கடைக்காரர் சொன்ன வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள்: மிச்சத்தைத் தின்னுக்கும், இதுக்குன்னு ஒரு செலவும் கிடையாது. அந்தப் பதில் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பது இப்போது தெரிகிறது. அது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிய பாட்டு.

கொடுமையை அடையாளம் காண்பது எளிது. சூடு போட்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்தால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. நாம் அவர்களைச் சேர்ந்தவர்கள் அல்ல என்ற நிம்மதியும் கூடவே வருகிறது. அடையாளம் காணக் கஷ்டமானது வேறொன்று. அது ஒரு செயலல்ல, ஒரு நம்பிக்கை. நமக்கு உழைக்க வந்தவர்களுக்குத் தேவைகள் குறைவு என்ற சௌகரியமான நம்பிக்கை. யாரும் அதை நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் அதை நம்பினால் எத்தனை செலவு மிச்சம், எத்தனை யோசனை மிச்சம்! ஆகையால் நம்பிவிடுகிறோம். 'அவளுக்குப் பசியே கிடையாது' என்பது பாட்டி கண்டறிந்த உண்மையல்ல. பாட்டிக்கு வேண்டியிருந்த உண்மை.

சட்டம் வந்திருக்கிறது. பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006ஆம் வருஷம் அக்டோபரில் தடை செய்யப்பட்டது. எந்தத் தொழிலிலும் கூடாது என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் நம்பிக்கையைச் சட்டத்தால் தடை செய்ய முடியாது. அது வேறு வேறு வீடுகளுக்குக் குடிபோகும். மத்தியானம் இரண்டு மணிக்கு நம் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு மாடிப்படியில் ஓட்டமாக இறங்கும் பையன் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான் என்று கேட்டிருக்கிறோமா? அவ்வளவு தூரம் போவானேன்? "அம்மாவுக்கு எப்போதும் பழையதுதான் பிடிக்கும்" என்று சொல்லாத வீடு நம்மில் எத்தனை? கடைசியில் உட்கார்ந்து அடிக்குழம்பை வழித்துப் போட்டுக்கொள்ளும் கைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள்தாமே நாம்?

விருந்தாளிக்கு எப்படி இலை போட வேண்டும் என்பதற்கு நம்மிடம் பெரிய சாஸ்திரமே இருக்கிறது. இலையின் நுனி எந்தப் பக்கம், முதலில் எதைப் பரிமாறுவது என்பது வரை இருக்கிறது. வேலைக்கு வந்தவரின் பசிக்குச் சாஸ்திரம் இல்லை. 'மிச்சம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. மிச்சம் என்பது உணவு அல்ல என்று நான் சொல்லவில்லை. நல்ல உணவாகவே இருக்கலாம். ஆனால் அதன் அளவை நிர்ணயிப்பது உண்பவருடைய பசி அல்ல, நம்முடைய பசி. நாம் அதிகம் தின்றால் அவர் குறைவாகத் தின்ன வேண்டும். இதில்தான் அநியாயம் ஒளிந்திருக்கிறது. கல்லுவுக்குத் தேவையானது தங்க மீன்கள் பார்த்து விட்டுவைக்கும் உருண்டை அல்ல. அதற்கென்று நறுக்கிய ஒரு வட்டம் வெள்ளரிக்காய். அதற்கும் ஓர் இலை.

இத்தோடு முடிந்துவிட்டால் தர்மம் எளிதாகிவிடும். முடியவில்லை. இரை கொடுத்த பிறகும் எட்டாம் நாள் இரவு நான் போய் விளக்கடித்தேனே, அது ஏன்? கொடுத்ததை அது தின்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு என்ற எண்ணம். அன்னதானம் செய்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் புகைப்படத்தில் சோற்றுத் தட்டோடு நிற்கிறவர்களின் கண்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிப் பேர் கண்ணைத் தாழ்த்தியிருப்பார்கள். மீனுக்காவது கண்ணுக்குள் திரை இருக்கிறது.

அப்படியானால் பார்க்காமலே விட்டுவிடுவதுதான் தர்மமா? அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லையே! கொட்டிலுக்குப் பின்னால் அவள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளாவது யாராவது எட்டிப் பார்த்தோமா? "அவள் சங்கோஜி, தொந்தரவு செய்யாதே" என்று பெருந்தன்மையாக விட்டுவைத்தோம். இரண்டும் விலகுவதுதான். ஆனால் இலையைப் போட்டுவிட்டு விலகுவது வேறு. இலை போடாமலே விலகுவது வேறு. முன்னது மரியாதை. பின்னது அலட்சியம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் நல்லவர்கள் இதில் ஏமாந்து போகிறார்கள். மறுநாள் காலையில் இலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் நாள் இரவு நான் எழுந்திருக்கவில்லை. தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் கரண்டியை வெளியே எடுத்தோம். வெள்ளரித் துண்டின் நடுச்சதை முழுவதும் போய்விட்டது. தோல் மட்டும் பச்சை வளையலைப் போல மிஞ்சியிருந்தது. தொட்டியின் அடியில் நூல் நூலாகக் கழிவு. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுடுச்சு!" என்று கூவினாள். ஐந்து நாள் முன்பு ஏரியில் விடச் சொன்னவள் அவள்தான்.

அந்த ஏரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மீன் தென் அமெரிக்காவின் ஆறுகளைச் சேர்ந்தது. அதன் குடும்பத்து மீன் ஒன்றுக்கு 1758ஆம் ஆண்டிலேயே 'மடிந்த வாய்' என்று பொருள்படும் பெயரை வைத்தார் லின்னேயஸ். வைத்தவர் அதைக் கெளுத்திகளோடு சேர்க்காமல் ஸ்டர்ஜியன் என்ற வேறொரு மீனோடு சேர்த்துவிட்டார். பார்த்தவர்களெல்லாம் அதை வேறு எதுவாகவோ எண்ணிக்கொண்டதே அதன் தலையெழுத்துப் போலும். மூன்று அங்குலமாக வாங்குகிற இந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வளர்ந்த பிறகு தொட்டியில் இடம் போதாமல் போகிறது. "ஜீவகாருண்யம்" என்று சொல்லிக்கொண்டு பலர் ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நீரில் காற்று குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கத் தெரிந்த மீன் இது. எலும்புக் கவசம் பூண்ட அதைத் தின்னத் துணியும் மீன்களும் நம் ஏரிகளில் அதிகம் இல்லை. கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஆண் மீன் அந்த வளையில் இருந்து முட்டைகளைக் காக்கும். இன்று தமிழகத்து நீர்நிலைகளில் பல இடங்களில் இது பெருகி, நம் நாட்டு மீன்களின் உணவைப் பங்குபோட்டு, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. குற்றம் அதனுடையதா?

வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவது கருணையாகாது. கொண்டுவந்தவனுக்குக் கடமை இருக்கிறது. பெரிய தொட்டிக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். "முதுகு வலிக்குப் பயந்து வாங்கின மீனுக்கு இவ்வளவு செலவா?" என்று மகன் கேட்கிறான். ஆம். செலவே இல்லை என்று சொல்லி விற்றார்கள். அதை நம்பினேனே, அதற்கு உரிய கட்டணம் இது. கண்ணாடியை இப்போதும் நான்தான் தேய்க்கிறேன்.

அந்தப் பெண்ணின் கதையைப் பேத்திக்குச் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்; கல்லுவுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாயில் வந்துவிட்டது. டார்ச் விளக்கையும் சொன்னேன், நான் கத்தியதையும் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த அக்கா பேரு என்ன தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. 'ஏ பொண்ணே' என்று கூப்பிட்டது நினைவிருக்கிறது. இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். நிச்சயமாக அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்; அவளுடைய தகப்பனார் வாசலில் நின்று அதைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டிருப்பார். எவ்வளவோ யோசித்தேன். இன்று வரை அந்தப் பெயர் வரவில்லை.

பேத்தி மேற்கொண்டு கேட்கவில்லை. வெள்ளரித் துண்டைக் கரண்டியில் செருகி மெள்ளத் தண்ணீரில் இறக்கினாள். விளக்கை அணைத்தாள். இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "வாங்க தாத்தா, அது சாப்பிடட்டும்" என்றாள்.